கண்டிக்க யாருக்கு உரிமை?

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு சபையின் மூப்பர். வயதானவர் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. கோபமாக இருக்கிறார் என்பதும் தெரிந்தது. என் தொடர்கதை ஒன்றில் வரும் உபதேசியாரின் மேல்தான் அவருக்குக் கோபம்.

கதையை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக் கோயிலின் காணிக்கைப் பெட்டியிலிருந்து ஒரு பையன் பணம் எடுத்துவிடுகிறான். உபதேசியாருக்கு அது தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிரசங்க பீடத்தில் நின்று சொல்லவும் இல்லை. ஊர் அடங்கிய பிறகு அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு பையனுடைய குடிசைக்குப் போகிறார். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசுகிறார். மறுநாள் விடியுமுன் பையனே பணத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறான். ஊருக்கு விஷயம் தெரியாமலே போய்விடுகிறது.

இதில் என்ன தவறு? மூப்பர் மூன்று தவறுகளைக் காட்டியிருந்தார். ஒன்று, பாவத்தை மூடி மறைப்பது அன்பு அல்ல. பலர் அறியக் கண்டித்தால்தான் மற்றவர்களுக்கும் பயம் உண்டாகும். இரண்டு, இதற்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. பரிசுத்த பவுல் பேதுருவையே எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டிக்கவில்லையா? மூன்று, இப்படி விளக்கை எடுத்துக்கொண்டு இரவில் போகிற உபதேசியாரை அவர் தம் எழுபது வருஷ வாழ்க்கையில் எந்தச் சபையிலும் கண்டதில்லை; ஆகவே பாத்திரம் முழுக்க முழுக்கக் கற்பனை.

மூன்றாவது குற்றச்சாட்டுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதல் இரண்டையும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். இவை அந்த ஒரு மூப்பருடைய கருத்துக்கள் மட்டும் அல்ல. நம் சபைகளில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ‘நான் வெளிப்படையாகப் பேசுகிறவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்’ என்று தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான். எல்லாவற்றையும் அடுத்தவர் மனசில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பலர் அறியக் கண்டிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். எனக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர், சபைக்கு வெளியே ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். பள்ளிக்கூட வேலையும் போயிற்று. இரண்டு வருஷத்தில் புருஷன் காய்ச்சலில் இறந்துபோக, கைக்குழந்தையோடு தாயார் வீட்டுக்குத் திரும்பிவந்தார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஐயரிடம் போய்க் கேட்டார். சபை முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொடுக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பண்டிகைக்குக்கூட வராதவர்கள் அன்று வந்திருந்தார்கள். டீச்சர் பீடத்துக்கு முன்னால் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய குற்றம் ஒரு காகிதத்திலிருந்து வாசிக்கப்பட்டது. நீளமான காகிதம். பாதியில் குழந்தை அழ ஆரம்பித்தது. தோளில் போட்டுத் தட்டினார், கையை மாற்றினார், அழுகை நிற்கவில்லை. அது பசி அழுகை என்று கோயிலில் இருந்த தாய்மார் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாசித்தவர் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

வாசித்த ஐயர் கெட்டவர் அல்லர். என் தகப்பனார் நோயாய்க் கிடந்தபோது மழையில் நனைந்துகொண்டு வந்து கட்டிலருகில் முழங்கால் போட்டவர் அவர். தம் கடமையைச் செய்கிறோம் என்றுதான் மனப்பூர்வமாக நம்பினார். அதுதான் பயங்கரம். கெட்ட மனிதர் செய்த கொடுமை என்றால் கதையாக எழுதி மறந்துவிடலாம்.

அன்று காணிக்கைத் தட்டு எடுத்தவர் முன்வரிசைப் பெஞ்சுக்காரர் ஒருவர். பதநீர்க் காலம் தொடங்குமுன் பனையேறிகளுக்கு முன்பணம் கொடுப்பார். காலம் வந்ததும் கருப்பட்டி முழுவதையும் அவருக்கே போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. அவரிடம் கணக்குத் தீர்ந்துபோன பனையேறியை நான் கண்டதில்லை. தகப்பன் கடனை மகன் ஏறித் தீர்ப்பான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஐயருக்கும் தெரியும். அவரையும் கண்டித்ததாகச் சொல்வார்கள். எப்படி? ஐயர் ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனாராம். காபி சாப்பிட்டார்களாம். பேச்சோடு பேச்சாக, ஏழைகள் விஷயத்தில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜாடையாகச் சொன்னாராம். அத்தோடு சரி.

சகோதரன் தவறு செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் அதைச் சொல் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. கேட்காவிட்டால் இரண்டொருவரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். இந்த வரிசை எங்கள் ஊரில் நிறைவேறாமல் இல்லை. பணக்காரர் விஷயத்தில் முதல் படியோடு நின்றது. டீச்சர் விஷயத்தில் கடைசிப் படியில் தொடங்கிற்று. அதற்கும் முன்னால் டீக்கடையிலும் கிணற்றடியிலும் ஒரு சுற்று வந்திருந்தது. சம்பந்தப்பட்டவர் காதுக்கு வந்தது எல்லாருக்கும் பிறகு.

இனிப் பவுல் பேதுருவைக் கண்டித்த கதைக்கு வருவோம். கண்டிப்புப் பிரியர்கள் யாரிடம் பேசினாலும் ஐந்தாவது நிமிஷத்தில் அந்தியோகியாவுக்கு வந்துவிடுவார்கள். வரட்டும். ஆனால் வந்தவர்கள் அங்கே என்ன நடந்தது என்று முழுவதும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூத ஆசாரத்தின்படி அது கூடாத காரியம். கிறிஸ்துவுக்குள் அந்த வேலி இல்லை என்று நம்பித்தான் உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து பேதுரு மெள்ளப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி பிட்டவர் இன்று எழுந்து போகிறார். எச்சில் இலையின் முன்னால் மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த முகங்களைப் பார்த்துத்தான் பவுல் வாய் திறந்தார்.

இப்போது கணக்குப் போடுங்கள். குற்றம் செய்தவர் யார்? அப்போஸ்தலர்களில் முதல்வர், சபையின் தூண் என்று மதிக்கப்பட்டவர். குற்றம் எங்கே நடந்தது? எல்லாரும் பார்க்க, பந்தியில். அதனால் காயப்பட்டவர் யார்? அந்தப் பந்தியில் குரல் இல்லாத புதியவர்கள். பெரியவர் ஒருவர் பலர் முன்னால் எளியவர்களை அவமானப்படுத்தினார். ஆகவே பலர் முன்னாலேயே அவரிடம் கேட்கப்பட்டது. தனியே அழைத்துக் காதில் சொல்லியிருந்தால், எழுந்து போனவருடைய மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். உட்கார்ந்திருந்தவர்களுடைய மானம் போனது போனதுதான்.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விதவையைக் குழந்தையோடு நிறுத்திக் காகிதம் வாசித்தார்கள்! பவுல் கீழே இருந்து மேலே பார்த்துப் பேசினார். நம்மவர்கள் மேலே நின்று கீழே பார்த்துப் பேசிவிட்டுப் பவுல் எங்கள் கட்சி என்கிறார்கள். அந்தியோகியாவின் நியாயம் எங்கள் ஊரில் நடந்திருந்தால், அன்று பீடத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டியவர் காணிக்கைத் தட்டோடு நடந்தவர். டீச்சர் வீட்டுக்குத்தான் ஐயர் மாலையில் போய்க் காபி சாப்பிட்டிருக்க வேண்டும்.

எளியவர்களை எப்படித் திருத்துவது என்பதற்கும் வேதத்தில் கதைகள் இருக்கின்றன. அவற்றில் சத்தம் இல்லை. அதனால்தானோ என்னவோ கண்டிப்புப் பிரியர்கள் அவற்றை எடுப்பதில்லை.

அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ என்பவர் எபேசுவுக்கு வந்தார். நாவன்மை மிக்கவர், வேதங்களில் வல்லவர். ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்துக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு ஜெப ஆலயத்தில் ஆவேசமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கூட்டத்தில் இருவர் உட்கார்ந்து கேட்டார்கள். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதிகள். கூடாரம் தைத்துப் பிழைப்பவர்கள். பவுலோடு சேர்ந்து அதே தொழில் செய்தவர்கள். பிரசங்கத்தில் குறை இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. அங்கேயே எழுந்து ஒரு கேள்வி போட்டிருந்தால் அப்பொல்லோவின் கதை அன்றே முடிந்திருக்கும். கூடாரம் தைக்கிறவர்களுக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அவர்கள் அவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போய், விட்டுப்போனதை விளக்கமாகச் சொன்னார்கள். பிரசங்கி ஒருவருக்கு ஒரு பெண் பாடம் சொல்லியிருக்கிறாள், அவரும் கேட்டுக்கொண்டார். பிறகு அவரால் சபைக்கு மிகுந்த உதவி உண்டாயிற்று என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பலர் முன்னால் தலைகுனிய வைக்கப்பட்டிருந்தால் அவர் கேட்டிருப்பாரா?

இன்னொரு கதை மாற்குவினுடையது. பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்ட இளைஞன், பாதிவழியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனான். மறுமுறை புறப்படும்போது அவனையும் சேர்த்துக்கொள்வோம் என்றார் பர்னபா. நடுவில் விட்டு ஓடியவன் வேண்டாம் என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். ஒரு சின்னப்பயலுக்காகப் பவுலைப் போன்ற ஒரு கூட்டாளியை விட்டுக்கொடுத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். பல வருஷங்களுக்குப் பிறகு, காவலில் இருந்து எழுதிய கடிதத்தில், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே கேட்கிறார். இடைப்பட்ட காலத்தில் பர்னபா மாற்குவுக்கு என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கூடவே இருந்தார் என்பது மட்டும் நிச்சயம். இரண்டாவது சுவிசேஷம் அந்த மாற்குவின் பெயரால் வழங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மூலமான காட்சி திபேரியாக் கடற்கரையில் நடந்தது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தைப் பலமுறை வாசித்து வியந்திருக்கிறேன். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த இடத்தில், தன் ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கரையிலே நிற்கிறார். அங்கேயும் ஒரு கரிநெருப்பு. அதன்மேல் மீன்; பக்கத்தில் ரொட்டி. இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களை முதலில் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டான பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் முற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார், அவ்வளவே. மூன்றாவது தடவை பேதுருவுக்குத் துக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறது. எதற்காக மூன்று தடவை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குற்றத்தைப் பெயர் சொல்லாமலே அதன் அடிவேர்வரை போய்த் தொட்டாயிற்று. தொட்டவுடனே, என் ஆடுகளை மேய்த்துக்கொள் என்று வேலையும் கொடுத்தாயிற்று. வேலையைப் பிடுங்கிக்கொண்டு திருத்துவது நமக்குத் தெரியும். வேலையைக் கொடுத்துத் திருத்தியது அங்கே.

சீஷத்துவம் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இப்படித்தான் தொடங்கிற்று. கூட நடந்து, கூடச் சாப்பிட்டு, தவறு செய்தபோது கூடவே இருந்து. இதில் ஒன்றுமே செய்யாதவர் கண்டிக்க மட்டும் வந்து நிற்பது எந்த விதத்தில் நியாயம்?

கண்ணிலுள்ள துரும்பையும் உத்திரத்தையும் பற்றிய உவமையை இந்த இடத்தில் சிலர் நினைத்துக்கொள்வார்கள். அதைச் சொன்னவர் தச்சர். மரத்தூளும் தெரியும், உத்திரமும் தெரியும். துரும்பை எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணைச் சரிசெய், பிறகு அவன் கண்ணிலிருப்பதை எடுக்க உனக்குப் பார்வை தெளிவாகும் என்கிறார். எடுக்கத்தான் வேண்டும். உறுத்துகிற கண்ணோடு ஒருவனை விட்டுவிட்டுப் போவது அன்பு அல்ல. ஆனால் கண்ணில் விழுந்த துரும்பை நம் வீட்டில் எப்படி எடுப்பார்கள்? தாயார் பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்தைக் கையில் ஏந்தி, இமையைப் பிரித்து, முந்தானை நுனியால் ஒற்றி எடுப்பாள். மூச்சுக்கூட மெதுவாக விடுவாள். நடுத்தெருவில் நிறுத்திக் கடப்பாரை கொண்டுவரச் சொன்ன தாயை நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் கட்சியின் குறையையும் நான் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் மூப்பர் சொல்லுவார். அவர் சொல்லுவதற்கு நியாயமும் இருக்கும்.

அந்தியோகியாவில் பேதுருவோடு பந்தியை விட்டு எழுந்து போனவர்களில் பர்னபாவும் ஒருவர்! மாற்குவுக்காகப் பவுலையே எதிர்த்து நின்ற அதே பர்னபா. மென்மையான மனிதர்களுக்கு வருகிற ஆபத்து இது. யாருடைய மனசும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் எளியவனுடைய மனசை நோகவிட்டுவிடுவார்கள்.

நம் நாட்டிலேயே இது நடந்தது. சுவார்ட்ஸ் ஐயர் என்றால் தஞ்சாவூரில் இன்றும் மரியாதை. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானியர்; 1798-ல் தஞ்சையிலேயே கண்மூடினார். சரபோஜி என்ற ராஜகுமாரனின் உரிமையைக் காத்து, படிப்புக்கு வழி செய்து, தகப்பனைப் போல இருந்தார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. ஐயரின் பாசமும் குறையவில்லை. மன்னரானபின் சரபோஜி, பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு ஐயருக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்து தஞ்சைக் கோயிலில் வைத்தார். பாளையங்கோட்டையிலிருந்து ஐயர் அழைத்துவந்து வளர்த்த இன்னொரு பிள்ளை, 1774-ல் பிறந்த வேதநாயகம். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவர்தான். ஆளாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தச் சபையில் சாதி இருந்தது. கோயிலுக்குள்ளேயே வேளாளர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம். சுவார்ட்ஸ் ஐயர் இதை விரும்பவில்லை; ஆனால் நாளாவட்டத்தில் தானாகத் தேய்ந்துவிடும் என்று பொறுத்துப்போனார். தேயவில்லை. அவருக்குப் பின்னால் வந்த இளம் மிஷனெரிகள் பொறுத்துப்போகத் தயாராக இல்லை. 1820-களில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் புறப்பட்டார்கள். சாதி கூடாது. விசேஷங்களில் பூ கூடாது. தமிழ்ப் பாட்டு ஆராதனையில் வேண்டாம். பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த வேதத்தின் வார்த்தைகளும் மாற வேண்டும். சாஸ்திரியார் கொதித்தெழுந்து இந்த நான்கையும் நான்கு கொடுமைகள் என்று எழுதினார். மிஷன் வேலையும் போயிற்று. ஆதரித்தவர் சரபோஜி மன்னர்.

இந்த நான்கையும் சற்று நிறுத்துப் பாருங்கள். மனிதனை மனிதன் தொடாமல் உட்காருவதும், மணப்பெண் தலையில் மல்லிகை வைப்பதும் ஒரே தட்டில்! திருத்த வந்தவர்கள் அப்படி வைத்தார்கள். திருத்தப்பட வேண்டியவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் பேசிய நியாயம், சாதிக்காக அவர் பேசிய அநியாயத்துக்குக் குடையாகிவிட்டது. எது பாவம், எது வெறும் பழக்கம் என்று பிரித்தறியாமல் கண்டிக்கிறவர்கள் பாவத்துக்குத்தான் உதவி செய்கிறார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் அவர் பக்கம். ஆனால் சுவார்ட்ஸ் ஐயர் இறந்து அதற்குள் 35 வருஷங்கள் ஆகியிருந்தன. பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. சாஸ்திரியாருடைய பாட்டு இன்று தமிழ்ச் சபைகளில் மணக்கிறது. சாதியும் இருக்கிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அதற்குத் தனி இடம் இருக்கிறது.

பிள்ளையாக வளர்த்து, சொல்லும் உரிமையைச் சம்பாதித்தவர் பொறுத்துப்போனார். பொறுக்காமல் சொன்னவர்கள் அந்த உரிமையைச் சம்பாதித்திருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நஷ்டப்பட்டவன் கோயிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவன் செலவில் நாம் காட்டுகிற பொறுமைக்குக் கிருபை என்று பெயர் வைக்கக் கூடாது. ஆகவே மூப்பர் பயப்பட வேண்டாம். கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. குற்றத்தைக் குற்றம் என்று சொல்லுங்கள். சொல்லுமுன், எதிரில் நிற்பவர் உங்களுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய குற்றத்தால் நொந்தவர் யார் என்று பாருங்கள். சொன்ன பிறகு அவரோடு இருக்கப்போகிறீர்களா, காகிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறினவனைச் சாந்தமாகச் சீர்ப்படுத்துங்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். பேதுருவைக் கண்டித்த கதை இருக்கும் அதே நிருபம்! அங்கே ‘சீர்ப்படுத்துவது’ என்பதற்குள்ள கிரேக்கச் சொல்தான், படவில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்ததற்கும் மாற்குவின் சுவிசேஷத்தில் வருகிறது. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். மணலில் உட்கார்ந்து, வலையைக் கால் விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணைத் தேடித் தேடி ஊசி கோத்து முடிவார்கள். வெயில் ஏறுவதுகூடத் தெரியாது. கிழிசலைக் கம்பத்தில் ஏற்றி ஊருக்குக் காட்டுகிறவர்களை அங்கே பார்த்ததில்லை. நாளைக்கு அதே வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை. மற்றவர்களுக்குப் பயம் உண்டாயிற்றா என்று மூப்பர் கேட்டால், உண்டாயிற்று. பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்குக் கோயிலைக் கண்டு பயம் உண்டாயிற்று. அது போக வெகுகாலம் பிடித்தது.

டீச்சர் ஊரில் இருந்த அந்த நாலு வாரமும் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நூறடி தூரம் இருக்காது. இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டு நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐயர் போவார் என்று நினைத்தேன். உபதேசியார் போவார் என்று நினைத்தேன். என் அம்மாவாவது ஒரு செம்பில் பாலை எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அம்மா நல்லவள், ஊர் என்ன சொல்லுமோ என்று அவளுக்கும் பயம். அந்த வீட்டுப் பக்கம் ஒரு விளக்கும் போகவில்லை.

மூப்பர் அவர்களே, இதுதான் உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டுக்குப் பதில். விளக்கை எடுத்துக்கொண்டு போகிற உபதேசியாரை எந்தச் சபையிலும் நீங்கள் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கண்டதில்லை. அவர் கற்பனைதான். யாராவது ஒருவர் அன்று போயிருந்தால், அவரைக் கதையில் எழுத வேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது. உங்களுக்கு எழுபது வயது என்கிறீர்கள். உங்கள் சபையிலும் இப்போது யாராவது ஒருவர் கோயிலுக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார். இருட்டிய பிறகு ஒருநாள் போய்வாருங்கள். என் கதை பொய் என்று சொல்ல அப்புறம் உங்களுக்கு மனம் வராது.